புது வீட்டுக்குக் குடிபோகும் முன்: ஸ்மார்ட் வீட்டைச் சுவரிலிருந்து திட்டமிடுவது எப்படி

வீடு மாறுவது என்று முடிவானதும் அலமாரிக்கு என்ன நிறம், சமையல் மேடைக்கு எந்தக் கிரானைட் என்று மாதக்கணக்கில் பேசுகிறோம். மின் இணைப்புகளைப் பற்றிய பேச்சோ, எலக்ட்ரீஷியன் சாக்பீஸால் சுவரில் குறி போடும் அரைமணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. விளக்கு, மின்விசிறி, கீசர், கதவுப் பூட்டு, கேமரா, தண்ணீர் மோட்டார் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு இயங்கும் வீடு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, அந்த அரைமணி நேரம்தான் பிற்பாடு வரும் பத்து ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. சென்னையின் தென்புறநகர் ஒன்றில் வாடகை வீட்டிலிருந்து சொந்த அடுக்ககத்துக்கு நாங்கள் மாறியபோது இதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். கருவிகளை முதலில் வாங்கிவிட்டு, அவற்றுக்கேற்பச் சுவரை உடைக்க வேண்டிய நிலை வந்தது. அந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் கம்பி, பிறகு நெட்வொர்க், அதன்பின் மையக் கருவி (எல்லாவற்றையும் இணைக்கும் ஹப்), எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சுவிட்சும் சென்சாரும் என்று போனால் செலவும் குறையும், மனக்கசப்பும் குறையும். இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

கடைக்குப் போகும் முன் ஒரு தாள்

வீட்டின் தரை வரைபடத்தை ஒரு பெரிய தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். கட்டுநரிடம் கேட்டால் மின் வரைபடமும் கிடைக்கும். பழைய வீடாக இருந்தால் நீங்களே அளந்து வரைய வேண்டியிருக்கும். ஒவ்வோர் அறையிலும் யார், எந்த நேரத்தில், என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள். அதிகாலையில் எழுந்து சமையலறைக்குப் போகும் அம்மா, இரவுப் பணி முடிந்து காலையில் தூங்கும் மகன், இரவில் இரண்டு முறை கழிவறைக்குச் செல்லும் தாத்தா என்று மனிதர்களை வைத்து எழுதினால், எந்தக் கருவி உண்மையிலேயே தேவை என்பது தானாகவே தெரிந்துவிடும். தாத்தாவின் கட்டிலிலிருந்து கழிவறை வரை தரையோரம் மங்கலாக எரியும் ஒரு விளக்கு, வரவேற்பறையில் பதினாறு நிறங்களில் மின்னும் விளக்குகளைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. எங்கள் தாளில் முதலில் 41 வேண்டுதல்கள் இருந்தன. ஒரு வாரம் கழித்துப் படித்தபோது அவற்றில் 17 மட்டுமே நின்றன.

இந்தத் தாள் தயாராவதற்கும் கட்டடத்தில் பூச்சு வேலை தொடங்குவதற்கும் இடையே போதிய நாள் இருக்க வேண்டும். பூச்சுக்கு முன்பு ஒரு பைப்பைக் கூடுதலாகப் போடுவது சிறிய வேலை. பூசி, பட்டி பார்த்து, வண்ணமும் அடித்த பிறகு காடி எடுப்பது தூசியும் செலவும் நிறைந்த வேலை. ஆடியில் குடிபோகக் கூடாது என்று காத்திருக்கும் குடும்பங்களுக்கு அந்த ஒரு மாதம் இதற்கென்றே அமைந்தது போன்ற அவகாசம்.

சுவருக்குள் போக வேண்டியவை

பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகள் இயங்க நியூட்ரல் கம்பி வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்தவர்கள் சுவிட்ச் பாக்ஸில் நியூட்ரல் இருக்காது என்ற அச்சத்தோடு வருவார்கள். நம் ஊர் சுவிட்ச் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு பிளக் பாயின்ட்டும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் கம்பி அங்கே ஏற்கெனவே வந்திருக்கும். ஆனால் கட்டிலுக்கு அருகிலுள்ள டூ-வே சுவிட்ச், மாடிப்படிச் சுவிட்ச், குளியலறைக்கு வெளியே தனியாக நிற்கும் சிறிய போர்டு ஆகியவற்றில் அது இல்லாமல் போவதுண்டு. ஆகவே எல்லாச் சுவிட்ச் பாக்ஸுக்கும் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் வர வேண்டும் என்று எலக்ட்ரீஷியனிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னது இரண்டாம் நாள் வேறு ஆள் வேலைக்கு வரும்போது மறந்துபோகும்.

சுவிட்சுக்குப் பின்னால் வைத்து, கட்டளைக்கேற்ப மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறிய ரிலே கருவிகளுக்கு இடம் வேண்டும். சுவருக்குள் பதிக்கும் பெட்டி ஆழமாக இருக்க வேண்டும், தேவைக்கு மேல் ஓர் அளவு பெரிதாகவும் இருக்க வேண்டும். ஆறு மாட்யூல் (ஒரு மாட்யூல் என்பது ஒரு சுவிட்சின் அகலம்) போதும் என்று தோன்றும் இடத்தில் எட்டு மாட்யூல் பெட்டியைப் பதித்தால், மீதி இடத்தை மூடி போட்டு மறைத்துக்கொள்ளலாம். ரிலேவைக் கம்பிகளுக்கு நடுவே நெருக்கித் திணித்தால் சூடேறும். பெட்டி இரும்பாக இருந்தால் வயர்லெஸ் சமிக்ஞையும் குறையும் என்பதால், ரிலே வைக்கப்போகும் இடங்களில் பிளாஸ்டிக் பெட்டியைக் கேளுங்கள்.

அடுத்தது இன்வெர்ட்டர். எந்த விளக்கு, எந்த விசிறி, எந்தப் பிளக் இன்வெர்ட்டரில் ஓட வேண்டும் என்பதை டிபி பாக்ஸிலேயே (எல்லா அறைகளுக்கும் மின்சாரம் பிரியும் பெட்டி) பிரித்தாக வேண்டும். இதில் பலரும் தவறவிடும் ஒன்று உண்டு: ரிலேவுக்கு இன்வெர்ட்டர் லைனின் பேஸையும் சாதாரண லைனின் நியூட்ரலையும் கலந்து கொடுத்துவிட்டால், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒரே வழியில் வராமல் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) அடிக்கடி விழும். காரணம் தெரியாமல் கருவியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். இரண்டு லைன்களின் நியூட்ரல்களுக்கும் வேறு வேறு அடையாளம் இடச் சொல்லுங்கள்.

கம்பியின் தடிமனையும் ரிலேவின் தாங்குதிறனையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் என்றால் 13 ஆம்பியர். விளக்குக்கு உரிய சிறிய ரிலேவைக் கீசரில் போட்டால் அது உருகும். கீசருக்கும் ஏசிக்கும் 16 ஆம்பியருக்குக் குறையாத கருவி வேண்டும். தண்ணீர் மோட்டார் இன்னும் கடினமானது: தொடங்கும் நொடியில் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், ரிலே ஒரு கான்டாக்டரை (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்ச்) இயக்க, அந்தக் கான்டாக்டர் மோட்டாரை இயக்குவதுதான் முறை. நேரடியாக இணைத்த ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால், 'ஆஃப்' என்று செயலி காட்டும்போதும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

மின்விசிறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் விளக்கைவிட விசிறிக்குத்தான் வேலை அதிகம். பழைய வகை விசிறி 70 முதல் 80 வாட் வரை எடுக்கும். பிஎல்டிசி விசிறி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார் கொண்டது) 30 வாட் அளவில் நின்றுவிடும். பிஎல்டிசி விசிறியின் வேகத்தை அதன் உள்ளே இருக்கும் மின்சுற்றே கட்டுப்படுத்துவதால், அதற்கு முன்னால் ஸ்மார்ட் ரெகுலேட்டரைப் போடக் கூடாது. எப்போதும் முழு மின்சாரம் போய்க்கொண்டிருக்க, ரிமோட் அல்லது வைஃபை வழியாகவே வேகத்தை மாற்ற வேண்டும். ஆகவே எந்த அறைக்கு எந்த வகை விசிறி என்று முடிவான பிறகே அந்த அறையின் சுவிட்சை வாங்குங்கள்.

பூச்சுக்கு முன்பு போட்டே ஆக வேண்டிய சில இணைப்புகள் உண்டு. சன்னலின் மேல் மூலையில் திரைச்சீலை மோட்டாருக்கு ஒரு 6 ஆம்பியர் பிளக். தலைவாசலின் மேலும் பக்கவாட்டிலும் கேமராவுக்கும் வீடியோ காலிங் பெல்லுக்கும் கேட் 6 (Cat 6) எனப்படும் லேன் கம்பி. ஒவ்வோர் அறையின் தொலைக்காட்சி அல்லது மேசை இருக்கும் இடத்துக்கு ஒரு கேட் 6 கம்பி. பரணிலோ கூடத்தின் மேற்கூரையிலோ வைஃபை அக்சஸ் பாயின்ட்டுக்கு (வைஃபையை அங்கிருந்து பரப்பும் கருவி) ஒன்று. இவை யாவும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும், மின்கம்பி செல்லும் பைப்பில் ஒருபோதும் சேர்ந்து செல்லக் கூடாது. எதற்கென்று தெரியாவிட்டாலும் கூடத்திலிருந்து மொட்டை மாடிக்கு ஒரு வெற்றுப் பைப்பை, உள்ளே இழுகம்பி விட்டு, போட்டு வையுங்கள். தனி வீடாக இருந்தால் சோலார் பேனலோ தொட்டி சென்சாரோ வரும் நாளில் அது கைகொடுக்கும்.

வைஃபை என்பது கடைசி நிமிட வேலை அன்று

ஃபைபர் இணைப்பு தருபவர்கள் வழக்கமாகத் தலைவாசலுக்கு அருகிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போவார்கள். வீட்டின் ஒரு மூலையிலிருந்து கிளம்பும் சமிக்ஞை கான்கிரீட் தூண், இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, சமையலறைக் கிரானைட் எல்லாவற்றையும் தாண்டிப் பின்பக்கப் படுக்கையறைக்குப் போய்ச் சேரும்போது மெலிந்திருக்கும். ஃபைபர் கம்பி வீட்டின் நடுப்பகுதி வரை வருவதற்கு ஒரு பைப் இருந்தால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்; மீதியை இரண்டாவது அக்சஸ் பாயின்ட் தீர்க்கும். ரூட்டரை இரும்பு டிபி பாக்ஸுக்குள் வைக்கும் பழக்கம் பார்ப்பதற்கு அழகுதான், ஆனால் வைஃபையை அது மூடிவைப்பதற்குச் சமம்.

ஸ்மார்ட் கருவிகளில் மிகப் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குபவை. எனவே அவற்றுக்கெனத் தனிப் பெயரில் ஒரு வைஃபையை அமைத்து, வீட்டாரின் தொலைபேசிகளும் கணினிகளும் வேறு பெயரில் இருக்கும்படி பிரித்துக்கொள்வது நல்லது. பெயரை மட்டும் மாற்றாமல், இரண்டும் ஒன்றையொன்று எட்டாதபடி ரூட்டரில் பிரித்திருந்தால், கேமராவோ பல்போ பாதுகாப்பில் பலவீனமாக இருந்தாலும், வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியை அது எளிதில் எட்டாது. ஏற்கெனவே கருவிகள் வைத்திருப்பவர்களுக்கு மற்றொரு குறிப்பு: பழைய வீட்டில் அந்தக் கருவிகள் பயன்படுத்திய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து மாறாமல் புது ரூட்டரில் வைத்துவிட்டால், அவை புது வீட்டில் மின்சாரம் கிடைத்ததும் தாமாகவே இணைந்துகொள்ளும். 23 கருவிகளை ஒவ்வொன்றாக மீண்டும் சேர்க்க வேண்டிய இரண்டு மாலைப்பொழுதுகளை இந்த ஒரு செயல் எங்களுக்கு மிச்சப்படுத்தியது.

இணையமும் மின்சாரமும் இல்லாத நாளை நினைத்தே நெட்வொர்க்கைத் திட்டமிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை, இணையமும் இல்லை. அப்படிப்பட்ட நாள்களில் விளக்குக்கான கட்டளை எங்கோ ஒரு நாட்டின் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது. ரூட்டர், ஃபைபர் பெட்டி, ஹப் மூன்றும் சேர்ந்து எடுக்கும் மின்சாரம் சிறியதுதான் என்பதால் அவற்றுக்கென ஒரு சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் வைத்துவிடலாம். இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியிலும் அவை அணையாமல் இருக்கும்.

எல்லாக் கருவிகளும் பேசும் ஒரு மொழி

ஒருங்கிணைந்த அமைப்பு என்பதன் பொருள் இதுதான்: விளக்குக்கு ஒரு செயலி, ஏசிக்கு ஒரு செயலி, கேமராவுக்கு ஒரு செயலி என்று தொலைபேசியில் ஒன்பது செயலிகள் இல்லாமல், எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கவும் ஒன்றின் நிலையைக் கொண்டு மற்றொன்றை இயக்கவும் முடிய வேண்டும். அதற்கு முதலில் கருவிகளின் மொழியைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வைஃபை கருவிகள் மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கின்றன. ஆனால் எண்ணிக்கை கூடக்கூட ரூட்டர் திணறும், ஒவ்வொன்றும் சும்மா இருக்கும்போதும் சிறிது மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். ஒன்றுக்கு 1 வாட் என்று வைத்தாலும் 30 சுவிட்சுகள் 30 நாளில் ஏறத்தாழ 22 யூனிட் சாப்பிடும். ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் பேசும் கருவிகள் குறைந்த மின்சாரத்தில், ஒன்றின் வழியாக மற்றொன்று செய்தியைக் கடத்தும் வலைப்பின்னலாக இயங்குகின்றன. சென்சார்களில் உள்ள சிறிய பேட்டரி ஓராண்டுக்கு மேலும் வரும். ஜிக்பீயும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறது என்பதால் வைஃபையோடு மோதாதபடி அதன் சேனலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; வைஃபை 1, 6, 11 ஆகிய சேனல்களில் எதில் இருந்தாலும் ஜிக்பீயின் 25-ஆம் சேனல் பெரும்பாலும் ஒதுங்கியே நிற்கும். ஜிக்பீ டாங்கிளை (ஜிக்பீ சமிக்ஞையைப் பெற்று அனுப்பும் யுஎஸ்பி துண்டு) கணினியின் யுஎஸ்பி 3 துளையில் நேரடியாகச் செருகாமல், ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பியில் தள்ளி வையுங்கள். அந்தத் துளையிலிருந்து வரும் இரைச்சலே அதன் காதை அடைத்துவிடும்.

இசட்-வேவ் என்ற மற்றொரு முறை உண்டு. அதன் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும்: இந்தியாவில் 865.2 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 908 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. ஆகவே அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் அன்போடு வாங்கிவரும் இசட்-வேவ் சுவிட்ச் இங்குள்ள ஹப்போடு பேசாது. 120 வோல்ட்டுக்கென்றே செய்யப்பட்டிருந்தால் நம் மின்சாரத்தில் மாட்டவும் கூடாது. வாங்கிவரும் முன்பே அவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற பொதுத் தரநிலை இந்தக் குழப்பத்தைக் குறைக்க வந்தது. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய இது, கருவிகள் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசிக்கொள்ளவும், ஒரே கருவியை இரண்டு மூன்று நிறுவனங்களின் செயலிகளிலிருந்து இயக்கவும் இடம் கொடுக்கிறது. புதிதாக வாங்குபவர்கள் மேட்டர் சின்னம் உள்ள கருவிக்கு முன்னுரிமை கொடுப்பது தகும். அதில் த்ரெட் (ஜிக்பீ போன்ற குறைமின் வலைப்பின்னல்) வகைக் கருவியாக இருந்தால், அதை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் த்ரெட் பார்டர் ரூட்டர் ஒன்றும் வீட்டில் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு மேட்டர் கருவியிலும் ஒரு கியூஆர் குறியும் 11 இலக்க எண்ணும் ஒட்டப்பட்டிருக்கும். சுவருக்குள் மாட்டுவதற்கு முன்பு அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் ஈராண்டு கழித்து ஹப்பை மாற்றும் நாளில் ஒவ்வொரு சுவிட்ச் போர்டையும் கழற்ற வேண்டிவரும்.

மையக் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் என் நிலைப்பாடு உறுதியானது: இணையம் இல்லாமல் இயங்காத ஹப்பை வாங்கக் கூடாது. 2014-இல் நெஸ்ட் நிறுவனம் வாங்கிய ரிவால்வ் ஹப்பின் சேவை 2016 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. பணம் கொடுத்து வாங்கிய பெட்டி பயனற்றதாயிற்று. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி அணைந்தன. நம் வீட்டு விளக்கின் ஆயுள் ஒரு நிறுவனத்தின் வரவு செலவுக் கணக்கில் தொங்கக் கூடாது. கணினியில் ஓரளவு ஈடுபாடுள்ளவர்களுக்கு, 2013-இல் தொடங்கப்பட்ட ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறமூல மென்பொருள் மிகப் பொருத்தமானது. சிறிய கணினி ஒன்றில் நிறுவி, வைஃபை, ஜிக்பீ, மேட்டர் எல்லாவற்றையும் அதில் சேர்த்துவிடலாம், தானியங்கி விதிகள் யாவும் வீட்டுக்குள்ளேயே இயங்கும். அதைக் கற்றுக்கொள்ள நேரம் இல்லாதவர்கள், உள்ளூரிலேயே இயங்கும் மேட்டர் ஹப் ஒன்றை வாங்கி, அதோடு பொருந்தும் கருவிகளை மட்டும் சேர்ப்பது நிம்மதியான வழி.

இங்கே ஒரு விதியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹப் பழுதானாலும், வைஃபை போனாலும், சுவரிலுள்ள சுவிட்சைக் கையால் அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும். ஸ்மார்ட் பல்பை மட்டும் வாங்கிப் போட்டு, 'சுவிட்சை யாரும் அணைக்காதீர்கள்' என்று வீட்டாரிடம் கெஞ்சுவது நீடிக்காது. பழைய சுவிட்சை அப்படியே வைத்து, பின்னால் ரிலேவை இணைத்தால், செயலியைத் தொடாத பாட்டியும் வீட்டு வேலைக்கு வருபவரும் விருந்தாளியும் எந்தத் தயக்கமும் இல்லாமல் புழங்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு பல்பும் ஸ்மார்ட் பிளக்கும் போதும். சொந்த வீட்டுக்கு ரிலேதான் சரி.

நம் ஊர் வெயிலும் விசிறியும் சாம்பிராணியும்

சென்சார்களின் இயல்பு நம் வீட்டின் இயல்போடு பொருந்துகிறதா என்று பார்க்காமல் வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். உடல் வெப்பத்தை வைத்து நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் பிஐஆர் சென்சார், அறையின் வெப்பத்துக்கும் உடலின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. மே மாதப் பிற்பகலில் அறையே 35 டிகிரியில் இருக்கும்போது அந்த வேறுபாடு மங்கிவிடுவதால் அது தடுமாறும். ரேடார் வகைச் சென்சார் அசையாமல் உட்கார்ந்திருப்பவரையும் கண்டுகொள்ளும், ஆனால் சுழலும் மின்விசிறியையும் ஆள் என்று எண்ணிவிடும். விசிறியின் பார்வைக்கு எட்டாத சுவரில், சற்றுத் தாழ்வாக அதைப் பொருத்தி, தொலைவு எல்லையைக் குறைத்து வைத்தால் பயன்படும்.

புகை உணரியைப் பூஜை அறைக்கு அருகில் வைத்தால் வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணிக்கு அலறும். கூடத்தின் மேற்கூரையிலும் படுக்கையறை நடைவழியிலும் வைப்பது சரி. பால் காய்ச்சிக் குடிபுகும் நாளன்று ஹோமம் வளர்ப்பதாக இருந்தால், அன்றைக்கு மட்டும் அதை மூடிவைத்து, மாலையில் திறந்துவிட ஒருவரிடம் பொறுப்பு கொடுங்கள்.

சமையல் வாயு உணரியில் தவறு செய்தால் உயிருக்கே ஆபத்து. சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். ஆகவே உணரியைத் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் வைக்க வேண்டும். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது, மேலே போகும். அதற்கு உணரி கூரையை ஒட்டி இருக்க வேண்டும். வாயு கசிந்தால் எக்ஸாஸ்ட் விசிறி தானாக ஓட வேண்டும் என்று விதி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். எந்தச் சுவிட்சையும் இயக்கும்போது எழும் சிறு பொறியே போதும். ஒலி எழுப்புவதும் தொலைபேசிக்குச் செய்தி அனுப்புவதும் மட்டுமே அந்த உணரியின் வேலையாக இருக்கட்டும். சன்னலைத் திறப்பதும் ரெகுலேட்டரை மூடுவதும் மனிதர் கையால் நடக்கட்டும்.

கதவுப் பூட்டு வாங்கும் முன் கதவின் தடிமனை அளந்தால் மட்டும் போதாது. நம் வீடுகளில் தேக்குக் கதவுக்கு வெளியே கிரில் கேட் ஒன்றும் இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் பூட்டின் கைப்பிடி இடிக்காமல் நிற்குமா என்று பார்க்க வேண்டும். சாவித் துளை உள்ள பூட்டாகவே வாங்கி, அந்தச் சாவியில் ஒன்றை வீட்டுக்கு வெளியே நம்பகமான உறவினரிடம் கொடுத்துவையுங்கள். கேமராவைப் பொறுத்தவரை, படுக்கையறையில் வேண்டாம். அடுக்ககத்தில் எதிர்வீட்டுக் கதவு தெரியும்படி மாட்டுவதாக இருந்தால் அவர்களிடமும் சங்கத்திடமும் முன்பே கேட்பதுதான் மரியாதை. பதிவை வீட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்பினால் கணக்கு எளிது: விநாடிக்கு 2 மெகாபிட் ஓடும் ஒரு கேமரா நாளுக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி எழுதும். நான்கு கேமராக்களின் பத்து நாள் பதிவுக்கு 1 டெராபைட் வட்டு போதும்.

பழைய வீட்டிலிருந்து கிளம்புவது

இணைய இணைப்பை மாற்றக் கோரும் விண்ணப்பத்தை இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். ஹப்பின் முழு அமைப்பையும் காப்புப் பிரதி எடுத்து, ஹப்பில் அல்லாமல் வேறோர் இடத்தில் சேமியுங்கள். வாடகை வீட்டில் நீங்கள் கழற்றிய பழைய சுவிட்சுகளை உறையில் போட்டு, எந்த அறையினது என்று எழுதி வைத்திருந்தால் திரும்ப மாட்டுவது எளிது. அங்கேயே விட்டுவிட்டுப் போகும் கருவிகளை உங்கள் கணக்கிலிருந்து நீக்கி, தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். இல்லையேல் அடுத்துக் குடிவருபவரின் கதவு மணி உங்கள் தொலைபேசியில் ஒலிக்கும். கைமாறி வந்த வீட்டை நீங்கள் வாங்கியிருந்தால் இதையே மறுபுறமாகச் செய்ய வேண்டும்: முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற வீடியோ டோர்போனையும் பூட்டையும் முதல் நாளே அழித்து, புதிதாக அமைத்த பிறகே அங்கே உறங்குங்கள்.

ரூட்டர், ஹப், அவற்றின் அடாப்டர்கள், லேன் கம்பிகள், ஸ்குரூ டிரைவர், பேட்டரிகள் ஆகியவற்றை ஒரு தனிப் பெட்டியில் வைத்து, லாரியில் ஏற்றாமல் உங்களோடு கொண்டுசெல்லுங்கள். புது வீட்டில் முதலில் ரூட்டர், அடுத்து ஹப், பின்னர் ஹப்புக்கு அருகிலிருந்து தொடங்கி மின்சாரத்தில் இயங்கும் ஜிக்பீ பிளக்குகளும் சுவிட்சுகளும், எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பேட்டரிச் சென்சார்கள் என்ற வரிசையில் உயிர்ப்பித்தால் வலைப்பின்னல் ஒழுங்காக அமையும். ஹப் மாறாதவரை கருவிகளை மீண்டும் சேர்க்க வேண்டியதில்லை. செயலியில் வீட்டின் இருப்பிடத்தை மாற்ற மறக்காதீர்கள்; பழைய தெருவையே வீடு என்று அது நினைத்துக்கொண்டிருந்தால், நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது வெளியே போய்விட்டதாகக் கருதி விளக்குகளை அணைக்கும்.

முதல் மாதம்

குடிபுகுந்த நாளிலேயே எல்லா விதிகளையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றும். பொறுத்திருங்கள். புது வீட்டில் வெயில் எந்தச் சன்னலில் எப்போது விழுகிறது, யார் எந்த மூலையைத் தனக்கென்று பிடித்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் மூன்று நான்கு வாரம் வாழ்ந்த பிறகே தெரியும். அதுவரை ரிலேக்கள் வெறும் சுவிட்சுகளாக இருக்கட்டும். ஒரே ஓர் அமைப்பை மட்டும் முதல் நாளே சரிபாருங்கள்: மின்தடை நீங்கும்போது கருவி எந்த நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பது. பல கருவிகளில் அது 'எரிக' என்று இருக்கும். நள்ளிரவில் மின்சாரம் போய் அதிகாலை மூன்று மணிக்குத் திரும்பினால் வீடு முழுவதும் விளக்கெரிந்து கைக்குழந்தை விழித்துக்கொள்ளும். விளக்குகளுக்கு 'முந்தைய நிலை' என்றும், கீசருக்கும் மோட்டாருக்கும் 'அணைந்த நிலை' என்றும் மாற்றிவிடுங்கள்.

பிறகு வாரத்துக்கு ஒரு விதி வீதம் சேருங்கள். கீசர் 20 நிமிடத்தில் தானாக அணைவது, மேல்நிலைத் தொட்டி நிறைந்ததும் மோட்டார் நிற்பது, தாத்தாவின் இரவு விளக்கு ஆகிய மூன்றும் எங்கள் வீட்டில் முதலில் வந்தவை. மோட்டார் விதிக்கு அடிப்படையான மிதவைச் சுவிட்ச் நேரடிக் கம்பியில் இணைந்திருக்க வேண்டும், ஸ்மார்ட் சென்சார் அதற்கு மேலான இரண்டாவது காவலாக மட்டுமே இருக்க வேண்டும். புது விதியை எழுதியதும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் தானாக அணையும் விளக்கு வயதானவர்களை அச்சுறுத்தும்.

டிபி பாக்ஸ் கதவின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டுங்கள். எந்த எம்சிபி (டிபி பாக்ஸில் ஒவ்வொரு லைனையும் துண்டிக்கும் சுவிட்ச்) எந்த அறைக்கு, எவை இன்வெர்ட்டரில், எந்தப் போர்டுகளுக்குப் பின்னால் ரிலே இருக்கிறது, ஹப்பை மறுதொடக்கம் செய்வது எப்படி, ரிலேவை விலக்கிப் பழைய சுவிட்சை நேரடியாக இணைப்பது எப்படி என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினால், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வரும் எலக்ட்ரீஷியனுக்கும் அது வழிகாட்டும். முதல் மாதம் முடியும் ஒரு மாலையில் இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒரு மணி நேரம் வீட்டில் புழங்கிப் பாருங்கள். அடுத்து ஹப்பை அணையுங்கள். கடைசியாக டிபியில் மெயினை இறக்கி இன்வெர்ட்டரில் மட்டும் இருந்து பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எது நின்றது, யார் தடுமாறினார்கள் என்று குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பை வைத்து அடுத்த வாரம் எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.